கடற்கரை ஊரில் ஓடும் ஜீப்புக்கு அடியில் எந்த எண்ணெய் அடிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: தூத்துக்குடியில் பத்து வருட ஜீப். வாரக் கடைசியில் தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கத்து மண் பாதைகளிலும் கடற்கரை மணலிலும் ஓட்டுகிறீர்கள். மெக்கானிக் பழைய இன்ஜின் ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் அடிக்கச் சொல்கிறார். ஷோரூமில் கருப்புக் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். நண்பரோ டபிள்யூடி-40 ஒரு டப்பா போதும் என்கிறார். மூன்றில் எது நல்லது? இதைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் ‘அங்கங்கே செதில் செதிலாக உரிகிறது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் கேள்வியே. துரு வராமல் இருக்க என்ன அடிப்பது என்பது ஒன்று, வந்துவிட்ட துருவை என்ன செய்வது என்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே டப்பாவில் மருந்து கிடையாது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு இருபத்திரண்டு வருடம் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை நடத்தியவன். என் கைக்கு வந்தவை பெரும்பாலும் கடலோர வண்டிகள்: உப்பளத்து லாரி, மீன் ஏற்றும் வேன், அப்புறம் உங்களைப் போல ஆசையாக வைத்திருப்பவர்களின் ஜீப். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்துச் சொல்கிறவன் இல்லை. அதனால் உறுதியான விஷயம் எது, என் பட்டறைப் பழக்கம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். உப்பு செய்கிற வேலை, அந்தத் தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பதும், துருப்பிடிக்கும் வேகத்தைக் கூட்டுவதும். மழைக்காலத்தில் அடுப்படி ஜாடியில் கல்லுப்பு தானே நீர்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு அப்படி நீர்க்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். தூத்துக்குடியில் ஈரப்பதம் அதற்குக் கீழே போவது அபூர்வம். ஆகவே உங்கள் ஜீப்பின் அடிப்பக்கம் பார்வைக்குக் காய்ந்திருந்தாலும், உப்பு படிந்த இடமெல்லாம் மெல்லிய ஈரத்தில் இருக்கிறது, இரவும் பகலும். காரைக்குடியில் இருக்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையம் வைத்துத் துரு பற்றி ஆராய்கிறது என்றால், அந்தக் கரையோரக் காற்று அவ்வளவு மோசம் என்று அர்த்தம். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடத் தூக்குகிற பாகம் அரித்துப்போனதால்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மழை வண்டிக்கு எதிரி என்று நினைத்து ஷெட்டில் விட்டு, மேலே தார்ப்பாயும் போட்டு மூடுகிறோம். ஆனால் பானெட் மேலும் கூரை மேலும் படிகிற உப்பை ஒவ்வொரு மழையும் கழுவிவிடுகிறது. மழை படாத அடிப்பக்கத்தில், மட்கார்டுக்கு உள்ளே, கதவின் அடிமடிப்பில் அது சேர்ந்துகொண்டே போகிறது. தார்ப்பாய் போட்டால் அந்த ஈரம் வெளியேறவும் வழியில்லை. கூரை இருக்கட்டும், பக்கங்களைத் திறந்து காற்றோட்டமாக விடுங்கள், தார்ப்பாய் வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம், தேரி மண்ணைப் பற்றி. அந்த மண் சிவப்பாக இருப்பதே இரும்பு ஆக்சைடால்தான். தேரிப் பக்கம் போய் வந்த ஜீப்பின் அடியில் சிவப்பு வழிசலைப் பார்த்துவிட்டு, ‘அண்ணே, முழுசா துரு ஏறிப்போச்சு’ என்று பதறி வந்தவர்கள் உண்டு. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விட்டால் அது மண். துடைத்த பிறகும் சொரசொரப்பாக, நகத்தால் நெருடினால் பொடி உதிர்ந்தால் அது துரு. செதிலாக, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தால் துரு நெடுநாளாக வேலை செய்திருக்கிறது. உங்களுடையது இந்த மூன்றாவது வகை.

அடுத்தது கழுவுவது. கடற்கரைக்குப் போய் வந்ததும் வாட்டர் சர்வீஸ் விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் எந்தத் தண்ணீரில்? கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. நம் ஊரில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரும் வாயில் வைத்தால் கரிக்கும். அதில் கழுவினால் நிறைய உப்பு போய்க் கொஞ்சம் உப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் மலிவாகவே கிடைக்கும், அதை அந்தத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஆயிரத்துக்கு மேல் காட்டினால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வையுங்கள். எந்த எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட இதில் நீங்கள் மிச்சம் பிடிப்பது அதிகம்.

இனி மூன்று யோசனைகளுக்கு வருகிறேன். பழைய ஆயிலும் டீசலும் சொன்ன மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். லாரிக்காரர்கள் தலைமுறையாகச் செய்வது அது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் கமான் பட்டைக்கும் (சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்ப்ரிங் பட்டை) சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) ஸ்ப்ரே கன்னில் அடித்துவிடுவார்கள், அந்த லாரிகளின் சேசிஸ் நன்றாகத்தான் இருக்கும். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் இரும்பைத் தொடாது, அவ்வளவுதான் சூட்சுமம். ‘பழைய ஆயிலில் அமிலம் இருக்கிறது, அதுவே இரும்பைத் தின்றுவிடும்’ என்பார்கள். டீசலில் கந்தகம் ஏகத்துக்கும் இருந்த காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க வந்த பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான், ஆகவே அந்த வாதத்தை இப்போது பெரிதுபடுத்த வேண்டியதில்லை. நான் வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்கள். ஒன்று, ரப்பர். சஸ்பென்ஷன் புஷ், பாடி மவுன்ட் ரப்பர், பிரேக் ஹோஸ் இவற்றில் மினரல் ஆயிலும் டீசலும் தொடர்ந்து பட்டால் ரப்பர் ஊதி, கொழகொழத்துப் போகும். லாரியின் கமான் பட்டைக்கும் உங்கள் ஜீப்பின் அடிப்பக்கத்துக்கும் வித்தியாசம் அங்கேதான். இரண்டு, உடம்பு. ஓடித் தேய்ந்த ஆயிலில் தோலுக்கு ஆகாத, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருக்கும். அதை ஸ்ப்ரேயாக்கி, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மூச்சில் இழுப்பது புத்திசாலித்தனம் இல்லை. மூன்று, சொட்டுவது. சட்டப்படியும் பழைய ஆயில் அபாயக் கழிவு. வீட்டு வாசலில், அதுவும் போர்வெல் இருக்கிற இடத்தில், மாதக்கணக்கில் சொட்டவிடாதீர்கள்.

கருப்புக் கோட்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், மன்னியுங்கள். தார் கலந்ததோ ரப்பர் கலந்ததோ, புது வண்டியில், சுத்தமான பெயின்ட் மேல் போட்டால் கல்லடியிலிருந்து காக்கும், சத்தமும் குறையும். அதை நான் மறுக்கவில்லை. பத்து வருட வண்டியில், துருவின் மேல், அரைகுறையாகக் கழுவிவிட்டு அடிப்பதுதான் பாவம். ஒரு முறை, வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார்கள். அடியில் படுத்துப் பார்த்தால் புது வண்டி மாதிரி ஒரே கருப்பு, மினுமினுப்பு. பின் சக்கரத்துக்கு முன்னால் சேசிஸ் வளைகிற இடத்தில் மட்டும் கோட்டிங் லேசாக உப்பியிருந்தது, பூரி மாதிரி. ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஓரத்தை நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. கெட்டியான கோட்டிங் காய்ந்து, கல்பட்டு ஒரு முடி அளவு வெடித்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. உள்ளே நடப்பதும் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் தோற்றால் தெரியும்படி தோற்கும், துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். கோட்டிங் தோற்பது கடைசி வரை தெரியாது.

டபிள்யூடி-40 விஷயத்தில் நண்பர் சொல்வது பாதி சரி. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், தண்ணீரை விரட்டுவதற்காக நாற்பதாவது முயற்சியில் அமைந்த கலவை என்பதால் அந்தப் பெயர். அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டில் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் முதலில் பயன்பட்டது. ஈரத்தை விரட்ட, இறுகின நட்டைக் கழற்ற அது கெட்டிக்கார டப்பா. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மிஞ்சுவது மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். மூடிய இடத்தில் வைத்த கருவிக்கு அது போதும், சேற்றில் ஓடுகிற சேசிஸில் சில வாரம்கூட நிற்காது. அதே கம்பெனி நீண்ட நாள் பாதுகாப்புக்கு என்று கெட்டியான வேறு வகைகளும் விற்கிறது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

நான் கடைசியில் வந்து நின்றது லேனோலின். செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு அது. ஆட்டுக்கு மழை ஒட்டாமல் இருக்க இயற்கை வைத்த ஏற்பாடு. இரும்போடு நன்றாக ஒட்டிக்கொள்ளும், காய்ந்து வெடிக்காது, சிறு கீறலானால் தானே கசிந்து மூடிக்கொள்ளும். ஃப்ளூயிட் ஃபிலிம் போன்ற வெளிநாட்டு டப்பாக்கள் இந்த வகைதான். விலை கட்டுப்படியாகாவிட்டால், கெமிக்கல் கடையில் லேனோலின் வாங்கி, பெயின்ட் கடையில் கிடைக்கும் எம்டிஓவில் (மினரல் டர்பன்டைன் ஆயில்) கரைத்து அடிக்கலாம். நான் ஒரு பங்கு லேனோலினுக்கு மூன்று பங்கு எம்டிஓ சேர்ப்பேன். லேனோலின் இருக்கிற பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளக்கி, அடுப்பை அணைத்து, அதிலிருந்து தள்ளி வந்த பிறகு எம்டிஓவை ஊற்றுங்கள். அது தீப்பிடிக்கும் சரக்கு. ஒரு ஜீப்புக்கு உள்ளும் புறமுமாக இரண்டு, இரண்டரை லிட்டர் ஆகும். இந்த அளவெல்லாம் என் கைப்பழக்கம், சாஸ்திரம் இல்லை.

இதில் ஒரு குறையும் சொல்ல வேண்டும். லேனோலின் 40 டிகிரியை ஒட்டி உருகிவிடும். இணையத்தில் நீங்கள் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் கனடா, அமெரிக்காவின் பனி ஊர்களில் எடுத்தவை. அங்கே பனியை உருக்கச் சாலையில் உப்பு கொட்டுவது குளிர்காலத்தில், அப்போது இந்த மெழுகு கெட்டியாக நிற்கும். நம் சித்திரை வெயிலில் தார் ரோட்டு மேல் நிற்கும் ஜீப்பின் அடியில் அது இளகி வழியும். ‘வருடத்துக்கு ஒரு தடவை’ என்று அவர்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கல்லும் மணலும் நேராக அடிக்கிற மட்கார்டு உட்புறம் போன்ற இடங்களுக்கு, காய்ந்தால் தோல் மாதிரி நிற்கிற மெழுகு வகை ஸ்ப்ரே பொருத்தம். அண்டர்பாடி வேக்ஸ் என்று கேளுங்கள்.

மீன் எண்ணெய் அடிக்கலாமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். சிரிக்க வேண்டாம், அது பலித்த வைத்தியம். கேரளம், கன்னியாகுமரிப் பக்கம் மரப் படகுகளுக்கு மத்தி எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசி வந்திருக்கிறார்கள். கப்பல் தளத்தில் கொட்டிய மீன் எண்ணெய் துருவை நிறுத்துவதைக் கவனித்த ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர்தான் 1921இல் ரஸ்ட்-ஓலியம் பெயின்ட் கம்பெனியைத் தொடங்கினார். நானும் ஒரு பழைய ஜீப்பில் அடித்துப் பார்த்தேன். துருவுக்குள் ஊறி நன்றாகவே காய்ந்தது. ஆனால் பதினைந்து நாள் தெருப் பூனைகள் அத்தனையும் வண்டிக்கு அடியில்தான் குடியிருந்தன, வீட்டுக்காரி வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் கெட்டுப்போய் அமிலமாகும், எலியும் வரும்.

சரி, உங்கள் வண்டிக்கு இப்போது என்ன செய்வது? செதில் மேல் எதை அடித்தாலும் வீண், ஏனென்றால் எண்ணெய் செதிலைத்தான் நனைக்கும், அதன் அடியில் இருக்கிற இரும்பை எட்டாது. அடியை நன்றாக அலசுங்கள். ஒரு நாள் வெயிலில் நிறுத்தி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிக் காயவிடுங்கள். பிறகு சுத்தியலால் தட்டி, சுரண்டி, வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். பளபளக்க வேண்டியதில்லை, உதிர்வது நின்றால் போதும். சுரண்டிய பிறகு மறுபடியும் நல்ல தண்ணீரில் ஓர் அலசல், செதிலுக்கு அடியில்தான் உப்பு ஒளிந்திருக்கும். மிச்சம் இருக்கிற இறுகிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசலாம். கடுக்காய் ஊறிய தண்ணீரில் ஆணியைப் போட்டால் கறுத்துப்போகுமே, அதே வித்தைதான்: டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருப்பாக இறுகும். மெல்லிய துருவில் இது நன்றாகப் பிடிக்கும். தடித்த துருவில் மேல்பரப்பு மட்டும் கறுத்துவிட்டு உள்ளே பழையபடி நடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே அதை முழுசாக நம்ப மாட்டேன். அதன் மேல் எபாக்சி பிரைமர். ரெட் ஆக்சைடு அடித்தால் துரு நிற்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அந்தச் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான், நிறத்துக்குத் தனியாகச் சக்தி இல்லை. துருவைத் தடுக்கிற துத்தநாகச் சரக்கு ஏதாவது கலந்திருந்தால்தான் பலன். பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய் அல்லது மெழுகு. முன்னாலேயே எண்ணெய் பட்டால் பிறகு எந்தப் பெயின்டும் ஒட்டாது.

இதைவிட முக்கியம், கண்ணுக்குத் தெரியாத உட்புறம். நான் வெட்டி எடுத்த சேசிஸ்களில் பாதிக்கு மேல் உள்ளிருந்து வெளியே அரித்தவை. பெட்டி வடிவச் சட்டத்துக்குள் மணலும் உப்புத் தண்ணீரும் போய், வடிகால் ஓட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். பழைய சைக்கிள் கம்பி ஒன்றை வைத்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தித் திறந்துவிடுங்கள், எவ்வளவு மணல் கொட்டுகிறது என்று பாருங்கள். பிறகு கம்ப்ரஸர் கன்னில் நீளமான நைலான் ட்யூபை மாட்டி, நுனியை அடைத்து, சுற்றிலும் நாலைந்து சிறு ஓட்டை போட்டு, சட்டத்துக்குள் கடைசி வரை விட்டு, அடித்தபடியே மெதுவாக வெளியே இழுங்கள். வடிகால் வழியாகச் சொட்டினால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கதவின் அடிமடிப்பு, டிக்கி கதவு, புட்போர்டு மாட்டுகிற பகுதி எல்லாவற்றுக்கும் இதே முறை. கார்ப்பெட்டைத் தூக்கித் தளத் தகட்டையும் பாருங்கள். பம்பர், வின்ச், லைட் என்று நீங்கள் பிறகு மாட்டியவற்றுக்காகத் துளைத்த ஓட்டைகளையும் பாருங்கள். பெயின்ட் படாத அந்த ஓட்டையின் விளிம்பில்தான் பல ஜீப்புகளுக்குத் துரு ஆரம்பிக்கிறது.

பிரேக் டிஸ்க், டிரம், கிளச் பக்கம், பெல்ட், சைலன்சர், வயர் சாக்கெட் இங்கெல்லாம் எந்த எண்ணெயும் படக்கூடாது. பாலித்தீன் கட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். பிரேக்கில் பட்டுவிட்டது என்று சந்தேகம் இருந்தால்கூட பிரேக் கிளீனரால் கழுவாமல் வண்டியை எடுக்காதீர்கள். உள்ளே மெழுகு அடித்த வண்டிக்குப் பிறகு எப்போதாவது வெல்டிங் வைக்க நேர்ந்தால், டிங்கரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சட்டத்துக்குள் தீப்பிடித்து அணைக்கப் படாதபாடு பட்டிருக்கிறேன். மீன் எண்ணெய், ஆளி விதை எண்ணெய் மாதிரி காய்கிற எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

எப்போது என்றால், வருடத்துக்கு இரண்டு தடவை. பெரிய வேலையை மே, ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு நன்றாகக் காய்ந்திருக்கும், சூட்டில் எண்ணெய் மடிப்புகளுக்குள் ஊறிப் போகும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை படுத்துப் பார்த்து, உலர்ந்துபோன இடங்களுக்கு மட்டும் மறுபடி அடித்தால் போதும். பேட்டரியில் மாட்டினால் துரு வராது என்று விற்கிற எலக்ட்ரானிக் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். மின்சாரத்தால் துருவைத் தடுக்கிற அந்த முறை தண்ணீருக்குள் இருக்கும் கப்பலுக்கும் மண்ணுக்குள் புதைத்த குழாய்க்கும்தான் வேலை செய்யும். உங்கள் ஜீப் காற்றில் நிற்கிறது, மின்சாரம் சுற்றி வர வழியில்லை.

இவ்வளவும், சேசிஸில் இன்னும் உயிர் இருந்தால்தான். கேள்வியோடு நீங்கள் போட்டிருக்கிற படத்தை வைத்து அதை நான் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. எண்ணெய்க்குக் காசு செலவழிக்கும் முன்னால் வண்டியைப் பிட் மேல் ஏற்றி, சின்னச் சுத்தியலால் சேசிஸை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று கேட்கும், அரித்த இடம் ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்கும். பின் சக்கரத்துக்கு மேல் வளைகிற இடம், கமான் பட்டை மாட்டுகிற பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் போட்டிருக்கிற இடம், கடைசிக் குறுக்குச் சட்டம் இந்த நான்கையும் விட்டுவிடாதீர்கள். அங்கே எங்காவது சத்தம் மாறினாலோ ஸ்க்ரூடிரைவர் இறங்கினாலோ, அன்றிலிருந்து மணலில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, சேசிஸ் வெல்டிங் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். சத்தம் சரியாக இருந்தால் மறுநாளே சுரண்ட ஆரம்பிக்கலாம்.